உங்களைக் கேட்காமல் சொன்ன பதில்

அக்கா,

நேற்று உங்கள் கட்டிலைக் கழற்றினோம். நீங்கள் இல்லாமல் தனித்துப்போன அண்ணை, உங்கள் மகனோடு இருக்கப் பீலெஃபெல்டுக்குப் போகிறார். இங்கே எசன் நகரத்து வாடகை வீட்டை மாத முடிவில் ஒப்படைக்க வேண்டும். தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே இரண்டு மரக்கட்டைகள் இருந்தன. நெஞ்செரிவுக்குத் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதும், அண்ணை அளந்து அறுத்து வைத்தவை. ஒன்றைக் கையில் எடுத்த நான் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். களைப்பு என்று நினைத்து அண்ணை தேத்தண்ணீர் போடப் போனார்.

களைப்பு இல்லை, அக்கா. உங்களிடம் கடைசிவரை சொல்லாமல் வைத்திருந்த ஒன்று.

முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்த காலத்தில் நீங்கள் இரவில் புளிப்போடும் பகலில் நித்திரைத் தூக்கத்தோடும் மல்லுக்கட்டினீர்கள். படுத்தால் தொண்டைவரை புளித்து வருகிறது என்று சம்பலை விட்டீர்கள்; இரவுச் சாப்பாட்டை ஆறு மணிக்கே முடித்தீர்கள். அப்படியும் வாய் காய்ந்து, தலை இடிக்கத்தான் எழும்புவீர்கள். ட்ராமில் இருந்தால் இறங்குமிடம் தாண்டிவிடும். ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவில் தேர் வருமுன் நீங்கள் கண்மூடி இருந்ததைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவர் உங்கள் பக்தியை மெச்சினார். "ஓம், பக்திதான். குறட்டை வராமல் அம்மாள் காப்பாத்தினா," என்று என் காதுக்குள் சொன்னீர்கள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

உங்கள் குறட்டை எனக்குத் தெரியும். அதனால் அண்ணை சோபாவுக்குக் குடிபெயர்ந்து கனகாலம். "பொம்பிளை குறட்டை விடுறதை ஊருக்குச் சொல்லிப்போடாதையும்," என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தீர்கள். நெஞ்செரிவுக்காக டொக்டரைப் பார்க்க உங்களுக்குக் கிடைத்த முதல் டேர்மினுக்கு மொழிபெயர்க்க வந்தவள் நான். நெஞ்செரிவைப் பற்றி எல்லாம் கேட்ட டொக்டர், எழுதிக்கொண்டே, நீங்கள் குறட்டை விடுவீர்களா என்று ஜெர்மனில் கேட்டார். நான் உங்கள் பக்கம் திரும்பவேயில்லை. "இல்லை," என்றேன். அவர் குளிசை எழுதினார், கட்டிலை உயர்த்தச் சொன்னார். என்ன கேட்டார் என்று நீங்களும் என்னிடம் கேட்கவில்லை.

மூன்று வருடம் போனது. குளிசைக்கு எரிவு கொஞ்சம் தணிந்தது, களைப்புத் தணியவில்லை. வேலையைப் பாதி நேரமாகக் குறைத்துக்கொண்டீர்கள். பிறகு ஒருநாள் எனக்கு வரமுடியாமல் போக, தொண்டை டொக்டரிடம் அண்ணை கூட வந்தார். அவருடைய ஜெர்மன் அரைகுறைதான். ஆகவே குறட்டையை விட்டே காட்டினார், இடையில் மூச்சு நிற்பதையும் சேர்த்து. உங்களை நித்திரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். நித்திரையில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வருகிறது, அடைப்பை மீறி மூச்சை இழுக்கும்போது வயிற்றுப் புளிப்பும் மேலே இழுபடலாம், இரண்டும் அடிக்கடி சேர்ந்தே வரும், எது எதைத் தொடங்கியது என்று எல்லோரிலும் சொல்ல முடியாது என்றார்கள். அதை உங்களுக்கு மொழிபெயர்த்தவளும் நான்தான். அன்று ஒரு சொல்லையும் விடவில்லை.

காற்றுத் தரும் முகமூடி போட்டுப் படுக்கத் தொடங்கிய இரண்டாம் கிழமை, காலையில் போன் எடுத்தீர்கள். "தங்கச்சி, இண்டைக்குக் கனவு கண்டனான். எத்தினை வருசத்துக்குப் பிறகு தெரியுமோ." புளிப்பும் குறைந்துவிட்டது என்றீர்கள். எனக்கு அழுகை வந்தது. நான்கு வருடம் நன்றாக நித்திரை கொண்டீர்கள். கடைசியில் உங்களைக் கொண்டுபோனது வேறு நோய். ஆனால் அதற்கு முந்திய மூன்று வருடத்தை நான்தான் கெடுத்தேன்.

தேத்தண்ணீரோடு வந்த அண்ணையிடம் முழுவதையும் சொன்னேன். அவர் கட்டையை என் கையிலிருந்து வாங்கினார்.

"அது அவவுக்குத் தெரியும்," என்றார். "குறட்டைக்கு ஜெர்மன் சொல், இல்லத்திலை கிழவியள் ஒவ்வொரு நாளும் சொல்லுற சொல்லெல்லோ. டொக்டர் கேட்டது அவவுக்கு விளங்கினது. வீட்டை வந்து, 'அந்தப் பிள்ளை என்னை விட்டுக்குடுக்கேல்லை' எண்டு சொல்லிச் சிரிச்சவ."

நீங்கள் கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இன்று காலை வேறொரு அக்காவுக்கு மொழிபெயர்க்க டொக்டரிடம் போனேன். அவருக்கும் நெஞ்செரிவு, பகல் முழுக்க நித்திரைத் தூக்கம். டொக்டர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நானே கேட்டேன்.

"அக்கா, நித்திரையிலை குறட்டை விடுறனீங்களோ? வெக்கப்படாமல் சொல்லுங்கோ."

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம்," என்றார். நான் டொக்டரின் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னேன். அன்று உங்களுக்காகச் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது, அக்கா.