எடுக்க முடியாத அழைப்பு

செவ்வாய், இரவு.

நேற்றிரவு கைப்பேசி தானாகவே புதுப்பித்துக்கொண்டது. காலையில், திரையில் இருப்பதை எனக்கு வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர், "உங்கள் அனுபவம் மேம்பட்டுள்ளது" என்று அறிவித்தது. அதற்குப் பிறகு அது எதையும் ஒழுங்காக வாசிக்கவில்லை.

நான் விண்ணப்பித்திருந்த திருபுவனை கம்பெனியிலிருந்து நேர்காணலுக்காகப் போன் வந்தது. வாடிக்கையாளர்களோடு போனில் பேசும் வேலை. அழைப்பை எடுக்க வழக்கம்போல இரண்டு விரலால் இருமுறை தட்டினேன். பேட்டரி எவ்வளவு என்று சொன்னது. விரலை நகர்த்தினால், "பெயரில்லாத பொத்தான், பெயரில்லாத பொத்தான்." இந்தப் புதுப்பிப்பைச் செய்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை தட்டிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அதற்குக்கூடச் சோம்பல்.

அண்ணன் வந்து பிடுங்கினான்.

"இன்னாடி, போனு கத்திக்கினே இருக்குது?" ஒரே தேய்ப்பில் எடுத்துவிட்டான். "சார், எந்தங்கச்சிக்குக் கண்ணு தெரியாது சார். பாகூர்லேர்ந்து தெனம் யாரு இட்டுக்கினு வர்றது? வேற பொண்ணு பாத்துக்குங்க சார்."

வைத்துவிட்டு என் தோளைத் தட்டினான். "வுடுடி, நமக்கு எதுக்கு இந்தத் தொல்ல?" உதவி செய்தவனின் குரல்.

மென்பொருள்காரர்கள் என்னை மறந்துபோய்ச் செய்தார்கள். இவன் நினைவில் வைத்துக்கொண்டே செய்கிறான்.

அவன் வெளியே போனதும் அம்மாவின் பட்டன் போனை எடுத்து, விண்ணப்பித்தபோதே மனப்பாடம் செய்திருந்த கம்பெனி எண்ணை நானே அழுத்தினேன். பஸ்ஸில் தனியாக வருவேன் என்றேன். கம்பெனிக்காரர் என் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். நாளை இதே எண்ணில் நேர்காணல் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

"காலைல பேசினது யாருங்க?" என்று கேட்டார்.

"ராங் நம்பர் சார்" என்றேன்.