யாரோ தந்த கண்

கோயில் மண்டபத்தில் யாரோ ஐஸ் போட்ட தண்ணீர்க் குவளையொன்றை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். ஐஸ்கட்டியொன்று தண்ணீருக்குள் டிக்கென்று வெடித்தது. உன் நினைவு வந்துவிட்டது. டயாலிசிஸ் தொடங்கிய பிறகு உனக்குத் தண்ணீர்கூட அளந்துதான். தாகம் தாங்காதபோது ஓர் ஐஸ்கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு காரில் என் பக்கத்தில் இருப்பாய். நான் திரும்பிப் பார்த்தால், "ரோட்டைப் பாரடி, என்னைப் பிறகு பாக்கலாம்" என்பாய்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவைக்காத எல்லோரையும் உறுப்புத் தானத்துக்குச் சம்மதித்தவர்களாகவே எடுத்துக்கொள்ளலாமா என்று நாங்கள் குடியேறிய இந்தப் பிரெஞ்சு மாகாணத்திலும் ஒரு சட்டப் பேச்சு எழுந்திருக்கிறது. அதைப் பற்றி எங்கள் ஆட்கள் கதைக்க வேண்டுமாம்.

"உயிர் இருக்கேக்கையே வெட்டிப்போடுவாங்கள்" என்றார் ஒருவர். "கண்ணைக் குடுத்தால் அடுத்த பிறப்பிலை குருடு" என்றார் இன்னொருவர். சென்னையிலிருந்து படிக்க வந்த பெண் ஒருத்தி, "எப்படியும் எரிக்கத்தானே போறோம், அங்கிள்?" என்று கேட்டாள். "பிள்ளை, நீங்கள் இருங்கோ" என்று அவளை அடக்கினார்கள். போரில் தம்பியைப் பறிகொடுத்த ஓர் அக்கா மட்டும் மெல்லச் சொன்னார்: "அவன்ர உடம்பு எங்களுக்குக் கிடைக்கவேயில்லை. இனிச் சாகிறவையின்ரயாவது முழுசாக் கிடைக்கட்டும்." அந்தப் பயத்தை என்னால் வெறுக்க முடியவில்லை.

அடுத்ததாக எழுந்தவரை உனக்குத் தெரியும். நகர ஓரத்து இல்-பிசார் தீவில் பெரிய வீடு வைத்திருக்கும் அந்த அண்ணை.

அந்தக் குளிர்காலத்தை நினைத்துக்கொண்டேன். அவருடைய தங்கையின் மகன் ஓட்டிப்போன கார் பனியில் சறுக்கி மோதியதில், அவன் ஆஸ்பத்திரியில் மூளை செத்துக் கிடந்தான். பிரெஞ்சு தெரிந்தவள் என்று உன்னைக் கூப்பிட்டார்கள். நான்தான் உன்னைக் கூட்டிப்போனேன். நீ டயாலிசிஸ் முடித்து நேரே வந்தவள் என்பதோ, சட்டைக் கைக்குள்ளே கட்டுப் போட்டிருக்கிறது என்பதோ அங்கே ஒருவருக்கும் தெரியாது. நோய் பார்க்க வரும் கூட்டத்தைத் தாங்க முடியாது என்று ஊரெல்லாம் மறைத்து வைத்திருந்தாய்.

டாக்டர் சொல்லச் சொல்ல, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னாய். "இனி எழும்ப மாட்டாராம். உறுப்புகளைக் குடுக்க விருப்பமோ எண்டு கேக்கினம். ஓம் எண்டாலும் சரி, இல்லை எண்டாலும் சரியாம்."

தாய் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் அண்ணை கத்தினார். "என்ர மருமகனைக் கூறுபோடக் குடுக்க மாட்டம் எண்டு சொல்லு!"

நீ திரும்பி அதையும் அப்படியே பிரெஞ்சில் சொன்னாய்.

காரில் நான் உன்னை ஏசினேன். "வாயைத் திறந்து உன்ர நிலைமையைச் சொல்லியிருக்கலாமேடி!"

"அவன்ர கிட்னி எனக்கே வரும் எண்டில்லை. வரிசையிலை ஆருக்கோ போகும்."

"அந்த ஆருக்கோவுக்காகவாவது சொல்லியிருக்கலாம்."

"அது அவளின்ர பிள்ளை. நான் என்ர நோயைக் காட்டினால் அது கேக்கிறதில்லை, பிச்சை எடுக்கிறது."

அடுத்த பனி விழுமுன் நீ போய்விட்டாய். உன் செத்தவீட்டில்தான் ஊருக்கு உன் நோய் தெரிந்தது. "கடவுள் ஒரு கிட்னிக்கு வழி காட்டியிருக்கக் கூடாதோ" என்று அழுதார், அதே அண்ணை.

இப்போது அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எங்கட உடம்பிலை கைவைக்க இவங்கள் ஆர்? வந்த ஆக்கள் எண்டால் கேக்காமல் எடுக்கலாமோ?" என்று முழங்கினார். மண்டபம் கைதட்டியது. மங்கிப்போன கண்ணுக்குப் போன வருடம் ஓப்பரேசன் செய்து கருவிழி மாற்றிக்கொண்டவர் அவர். செத்துப்போன ஒருவரின் கருவிழி. கண் தெளிந்ததென்று இதே கோயிலில் அன்னதானம் கொடுத்தார். கைதட்டியவர்களெல்லாம் அன்று சாப்பிட்டவர்கள்.

நான் எழுந்து கேட்டேன். "அண்ணை, இப்ப என்னைப் பாக்கிறியளே, அது ஆரின்ர கண்?"

ஒரு கணம்தான் திகைத்தார். பிறகு சிரித்தார். "அது வேறை, பிள்ளை. அது வெள்ளையள் குடுத்தது. அவைக்கு இதொண்டும் பாக்கத் தேவையில்லை. வாங்கிறது பாவமில்லை."

பகிடி கேட்டதுபோல் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே சாப்பாட்டு வரிசைக்கு நகர்ந்தார்கள். நான் அந்த வரிசையில் சேரவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சட்டம் சரியோ பிழையோ, எனக்குத் தெரியாது. கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று நீ சொல்லியிருப்பாய். ஆனால் அந்தச் சிரிப்பை நீ கேட்கவில்லை.

மெட்ரோப் பக்கம் நடக்கும்போது பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. அந்தப் பையனின் தாய். கோட்டும் போடாமல் வந்திருந்தாள்.

"அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை உன்ர சிநேகிதி என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை" என்றாள். "தனக்குக் கிட்னி வருத்தம் எண்டு சொல்லியிருந்தால், அண்ணைக்குப் பயப்பிடாமல் நான் ஓம் எண்டிருப்பன். செத்தவீட்டிலைதான் எனக்குத் தெரியும். பிள்ளையையும் முழுசா எரிச்சாச்சு. அந்த ஓமை இப்ப நான் ஆரிட்டைப் போய்ச் சொல்ல?"

என் கோட்டில் பாதியை அவள் தோளில் போட்டேன். அப்படியே இரண்டு பேரும் நின்றோம்.

அந்த மனிதர்மேல் எனக்குள்ள அருவருப்பு போகாது. போகவும் விடமாட்டேன். அதைவிடக் கனமானது அவள் சொன்ன சொல். உன்னைத் தவிர வேறு யாரிடமும் அதைச் சேர்க்க எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்: அவள் ஓம் என்றாள்.