"மொட்டை" பதிப்பும் பதினேழு மருத்துவமனைகளும்

அனுப்புநர்:
பணியாளர் எண் 318-இன் மனைவி,
பணியாளர் குடியிருப்பு, இரண்டாம் மாடி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மருத்துவமனைகள் கணினிப் பிரிவு.

பொருள்: "மொட்டை" பதிப்பின் பெயர்மாற்றப் பணி – மருத்துவமனைகளின் வரிசையை மாற்றக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் பிரிவில் மென்பொருளின் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும், கடைசிப் பிழையைச் சரிசெய்தவரே பெயர் வைப்பது வழக்கம். நான்காம் பதிப்பில் அது என் கணவருக்கு வாய்த்தது. அன்று எங்கள் மகள் பிறந்து ஒன்பது நாள். தலையில் ஒரு முடி கிடையாது. அவளைக் கூப்பிடும் பெயரையே பதிப்புக்கும் வைத்துவிட்டார். அறையில் எல்லோரும் சிரித்தார்களாம். தாங்களும் ஒப்புதல் அளித்தீர்கள்.

2. பிறகு, சிகிச்சையில் முடி கொட்டிய ஒரு பள்ளி மாணவி பதிவுச் சீட்டுக்காக நின்றபோது, எதிரே திரையில் "மொட்டை உங்களை வரவேற்கிறது" என்று வந்திருக்கிறது. அவள் சீட்டு வாங்காமலே திரும்பிப் போய்விட்டாள். அவள் அம்மா எழுதிய புகாரை நானும் படித்தேன். அதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அந்தப் பெயர் போகத்தான் வேண்டும்.

3. வைத்தவரே நீக்கட்டும் என்று உத்தரவானது. அலுவலகத்தில் இருந்தபடியே மாற்றிப் பார்த்ததில் ஒரு மருத்துவமனையில் அரை நாள் மருந்துச் சீட்டே அச்சாகவில்லை. கோப்பு, சீட்டு, பட்டியல் என்று உள்ளே எல்லா இடத்திலும் ஆசையாய் அந்தப் பெயரை எழுதி வைத்திருக்கிறார் மனிதர். ஆகவே ஊர் ஊராக நேரில் போகிறார். மூன்று வாரம் என்றார்கள், ஏழு மாதமாகிறது. நாற்பத்தொன்றில் இருபத்துநான்குதான் முடிந்திருக்கிறது.

4. இதற்குள் மகளுக்கு முடி வளர்ந்து காதை மூடுகிறது. நடக்கிறாள். கைப்பேசியைத்தான் அப்பா என்கிறாள், அது அணைந்து கிடந்தாலும். சென்ற வாரம் அவர் அழைத்து, "மொட்டை, இங்க பாருடி, அப்பா" என்றார். சொன்ன கையோடு, "இனிமே இவள என்னன்னு கூப்பிடறது, சொல்லு" என்று என்னைக் கேட்டார். மாடிப்படியில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் அடுப்பைத் தணித்துவிட்டுக் காதுகொடுக்கிறேன். மனுவில் இதையெல்லாம் எழுதக் கூடாதுதான்.

5. மீதமுள்ள பதினேழில் எங்கள் ஊர் மருத்துவமனையும் ஒன்று, வரிசையில் கடைசி. புற்றுநோய்ப் பிரிவு உள்ளவை எல்லாம் முடிந்துவிட்டன என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எனவே எங்கள் ஊரை வரிசையில் அடுத்ததாக வைப்பதால் யாருக்கும் மனக்கஷ்டம் வராது. இரண்டு நாள் வேலை. இரண்டு இரவு வீட்டில் தூங்குவார். விடுப்போ பணிவிலக்கோ நான் கேட்கவில்லை.

இம்மனு அவருக்குத் தெரியாது. தெரிந்தால், "உன்ன யாரு இதெல்லாம் கேக்கச் சொன்னா" என்று திட்டுவார். அதை அவர் நேரில் வந்து திட்டுவதற்குத் தாங்கள் வழிசெய்ய வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: 14.08
இடம்: மேற்படி குடியிருப்பு

இப்படிக்கு,
(ஒப்பம்)
பணியாளர் எண் 318-இன் மனைவி