இரண்டா, இரண்டரையா, டீச்சர்?

என் பிரியத்துக்குரிய யோகா டீச்சருக்கு,

காலைப் பூஜை முடிந்தது. உங்கள் படத்துக்கு மல்லிகை வைத்தேன். வைக்கும்போது உங்கள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் முதல் வருஷத் திதியைத் தப்பான நாளில் வைக்கச் சொன்னவள் நான்தான்.

உங்கள் அம்மா என்னை நம்பிக் கேட்டார். நான் கணினியைப் பார்த்துவிட்டு, கொஞ்சமும் தயங்காமல் பதில் சொன்னேன். பிறகு நடந்ததையெல்லாம் கோயில் ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். உங்களைப் பார்த்தே இராதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யோகா என்பது உங்கள் பெயர்தான், நீங்கள் சொல்லித் தந்தது கம்ப்யூட்டர். பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைக்கு மேலே உங்கள் வகுப்பு. ஒரே அறை, மூன்று கணினி, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். ஆங்கிலம் கற்றுக்கொண்டதே பால் டின்னிலிருந்தும் என் வீட்டுக்காரர் கொண்டுவரும் ரயில்வே படிவங்களிலிருந்தும்தான். நாற்பத்தைந்து வயதில் படியேறி வந்து வாசலில் நின்றேன். மகளைச் சேர்க்க வந்தீர்களா ஆன்டி என்று முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அவங்களேதான் படிக்க வந்திருக்காங்க. நகரு லா, இடம் குடு" என்றீர்கள்.

முதல் பயிற்சி நினைவிருக்கிறதா? ஓர் எண் ஒற்றையா இரட்டையா என்று கணினி சொல்ல வேண்டும். நான் ஆசையாக விரலை வைத்தேன். நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"அவசரப்படாதீங்க அக்கா. முதல்ல விடைய எழுதுங்க. நாலுக்கு என்ன வரணும், ஏழுக்கு என்ன வரணும், சைபருக்கு என்ன வரணும். அதுக்கப்புறம்தான் புரோகிராம்."

"விடை தெரிஞ்சிருந்தா கம்ப்யூட்டர் எதுக்கு டீச்சர்?"

அறை முழுக்கச் சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. எனக்கு நாலு விடை தெரிந்தால் போதும், கணினிக்கு நாலாயிரம் தெரிய வேண்டும், அந்த நாலைச் சரியாகச் சொன்னால்தான் மற்றதை நம்பலாம் என்றீர்கள். அப்புறம் நிரலில் ஒரு வரிகூட எழுதாமல், அந்த விடைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையை ஓட்டச் சொன்னீர்கள். திரையில் ‘தப்பு, தப்பு, தப்பு’ என்று வந்தது. கணினியைக் கெடுத்துவிட்டேன் என்று எழுந்தே நின்றுவிட்டேன்.

"தப்புன்னுதான் வரணும், உக்காருங்க. ஒண்ணுமே எழுதாதப்பவும் ‘சரி’ன்னு சொன்னா, அது கண்ண மூடிக்கிட்டுத் தலையாட்டுற சோதனை."

அன்றிலிருந்து எனக்கு அது பாடமாக இல்லை, நியமமாகிவிட்டது. குளிக்காமல் அடுப்புப் பற்ற வைக்காத மாதிரி, விடை எழுதாமல் நிரல் எழுதுவதில்லை. ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணச் சொன்னீர்களே, மூன்றால் வகுபட்டால் ‘முருகா’, ஐந்தால் வகுபட்டால் ‘சிவசிவா’, மூன்றாலும் ஐந்தாலும் வகுபட்டால் இரண்டு பெயரும். சாமி பெயருக்குப் பக்கத்தில் ‘தப்பு’ என்று வருகிறதே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பதினைந்தில் ‘முருகா சிவசிவா’ என்று வந்த அன்று, கீழே பூக்கடையில் ஒரு முழம் வாங்கிக் கணினிக்கே சுற்றினேன். மின்விசிறி அடைத்துக்கொள்ளும் என்று நீங்கள் எடுத்துவிட்டு, அதை உங்கள் தலையில் வைத்துக்கொண்டீர்கள்.

கடைசியாக நீங்கள் கொடுத்த பயிற்சி பஞ்சாங்கம். பஞ்சாங்கம் இந்தியாவிலிருந்து வருகிறது. திதி முடிகிற நேரம் அதில் இந்திய நேரப்படி இருக்கும். நாம் இந்தியாவுக்குக் கிழக்கே இருப்பதால் இங்கே சில மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் கோயில் பெண்கள் இதற்காக என்னிடம் வருவார்கள் என்று ஒருநாள் சொன்னேன். அதையே நிரலாக எழுதுங்கள், ஏழு விடை தயார் செய்துகொண்டு திங்கட்கிழமை வாருங்கள் என்றீர்கள்.

திங்கட்கிழமை உங்களுக்குக் காய்ச்சல். நான்காம் நாள் நீங்கள் இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஒரு பக்கம் உங்கள் அம்மா, இன்னொரு பக்கம் நான். டாக்டர் தலையை அசைத்ததும் நான் முதலில் பார்த்தது என் கைக்கடிகாரத்தை. பகல் பன்னிரண்டு முப்பத்தைந்து. அழுவதற்கு முன்னால் மணி பார்த்தவளை என்ன சொல்வது? ஆனால் யாராவது பார்த்துத்தானே ஆக வேண்டும். உயிர் பிரிந்த நேரத்தில் என்ன திதி நடந்ததோ, அதே திதியில்தானே வருஷா வருஷம் செய்ய வேண்டும்.

வகுப்பை மூடியபோது உங்கள் அம்மா ஒரு கணினியை என்னிடம் கொடுத்துவிட்டார். போன மாதம் கிள்ளானிலிருந்து போன் செய்தார். "பிள்ளை, ஆட்டத்திவசம் வருகுது. நீதான் நேரம் பார்த்தனி. எந்த நாளெண்டும் நீயே பார்த்துச் சொல்லு" என்றார். முதல் வருஷத் திதியை உங்கள் வீட்டில் அப்படித்தானே சொல்வீர்கள்.

இரண்டு எண்ணைக் கூட்ட விரல் போதும். ஆனால் அது நீங்கள் கொடுத்த கடைசிப் பயிற்சி ஆயிற்றே, முறையாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். ஏழு விடை வேண்டும். கல்யாணமான புதிதிலிருந்து நான் எழுதிவைத்த பஞ்சாங்க நோட்டுகள் பெட்டியில் இருந்தன. அந்த நாளில் ஒவ்வொரு திதியையும் நானே கையால் மாற்றி, குருக்களிடம் காட்டிச் சரிபார்த்திருக்கிறேன். பிறகு கோயிலில் உள்ளூர் நாள்காட்டி தர ஆரம்பித்ததும் அந்த வேலை நின்றுவிட்டது. ஆனால் அதில் அன்றைய திதியின் பெயர் மட்டும்தான் இருக்கும், முடிகிற நேரம் இருக்காது. எழுபத்தொன்பதாம் வருஷ நோட்டு கறையில்லாமல் இருந்தது. அதிலிருந்து ஏழு எடுத்தேன். எல்லாவற்றிலும் இரண்டு மணி நேரம் கூட்டியிருந்தது.

ஓட்டினேன். ஏழும் தப்பு. நீங்கள் சொன்னபடி சந்தோஷப்பட்டேன். நிரல் எழுதினேன், ஆறு சரி. நள்ளிரவைத் தாண்டுகிற ஒன்றுக்கு மட்டும் ‘இருபத்தைந்து மணி’ என்று வந்தது. அதையும் திருத்தினேன். ஏழும் சரி.

அப்புறம் நீங்கள் போன நாளைக் கொடுத்தேன். பஞ்சாங்கம் உங்கள் அம்மா வீட்டில் வழக்கமாக வாங்குகிற அதே பஞ்சாங்கம். சப்தமி இந்திய நேரம் காலை பத்து இருபதோடு முடிகிறது. நம் நேரம் பன்னிரண்டு இருபது என்றது கணினி. நீங்கள் போனது பன்னிரண்டு முப்பத்தைந்து. அப்படியானால் அஷ்டமி. இந்த வருஷம் அஷ்டமி சனிக்கிழமை. விளக்கேற்றிவிட்டுக் கிள்ளானுக்குப் போன் செய்தேன். சனிக்கிழமைதான், சந்தேகமே இல்லை என்றேன்.

‘சந்தேகமே இல்லை’ என்று நான் வாழ்நாளில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், டீச்சர்? அன்றைக்குப் போய் ஏன் சொன்னேன்?

புதன்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெருமை தாங்காமல் நிரலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே ரசம் ஊற்றினேன்.

"எத்தன மணி நேரம் கூட்டுற?"

"ரெண்டு."

அவர் கை இலையிலேயே நின்றது. "ரெண்டரை இல்ல?"

"ரெண்டுதாங்க. நோட்டுல இருக்கு."

"எந்த வருஷத்து நோட்டு? எண்பத்தொண்ணு கடைசி ராத்திரி ஸ்டேஷன் கடிகாரத்த அரை மணி முன்னால தள்ளி வச்சவனே நான்தான். நாடு முழுக்கத் தள்ளுனாங்க. உன் நோட்டு மட்டும் தள்ளலையா?"

ரசம் இலையைத் தாண்டி ஓடியது. எனக்கும் அந்த வருஷப் பிறப்பு ஞாபகம் வந்தது. அரை மணி நேரத் தூக்கம் போயிற்று என்று மறுநாள் முழுக்கக் கேலி பேசினோம். பஞ்சாங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. நோட்டில் இருந்த ஏழு விடையும் பொய்யில்லை. எழுதிய காலத்துக்கு அவை சரி. அதனால்தான் ஏழும் ‘சரி’ என்று தலையாட்டின.

அவர் சொன்னதையும் அப்படியே நம்பப் பயமாக இருந்தது. ஒருதடவை நோட்டை நம்பியது போதாதா? மறுநாள் காலை பழைய ரேடியோவில் சிற்றலையைத் திருப்பினேன். இரைச்சலுக்கு நடுவே இந்தியாவிலிருந்து ஒரு குரல் நேரம் ஆறரை என்றது. நம் சுவர்க் கடிகாரத்தில் சரியாக ஒன்பது. அதை எட்டாவது விடையாக எழுதினேன். ஆறரைக்கு ஒன்பது வர வேண்டும். ஓட்டினேன். எட்டரை என்று சொல்லி, ‘தப்பு’ என்றது.

எத்தனையோ ‘தப்பு’ பார்த்திருக்கிறேன். வரக் கூடாது என்று வேண்டிக்கொண்ட ‘தப்பு’ அது ஒன்றுதான்.

இரண்டை இரண்டரை ஆக்கினேன். எட்டாவது சரியானது, பழைய ஏழும் தப்பாகிவிட்டன. அழித்துவிடலாம் என்று கை போயிற்று. ஆனால் அவையும் உண்மைதானே? நிரல் வருஷத்தையும் கேட்கும்படி மாற்றினேன். எட்டும் சரியாக வந்தபோது மணி பத்தரை. உங்கள் நாளைக் கொடுத்தேன். சப்தமி பன்னிரண்டு ஐம்பது வரை இருந்திருக்கிறது. பதினைந்து நிமிடம் முன்னாலேயே நீங்கள் போய்விட்டீர்கள். சப்தமி வெள்ளிக்கிழமை. அதாவது மறுநாள்.

இதைப் போனில் சொல்ல நாக்கு எழவில்லை. கிள்ளான் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் சஷ்டிக் கவசம் சொன்னேன், பாதியில் மறந்து திரும்பத் திரும்ப ஆரம்பித்தேன். கிரியை செய்ய வேண்டிய உங்கள் மாமா பூச்சோங்கிலிருந்து வர வேண்டும். குருக்கள், சமையல், உறவுக்காரர்கள் எல்லாம் சனிக்கிழமைக்கு. இனி ஒருநாள்கூட இல்லை. இந்தப் பொம்பிளையை நம்பினேனே என்று உங்கள் அம்மா கேட்டால் என்ன சொல்வது? அதைவிட, பிள்ளைக்கு முதல் பிண்டம் தப்பான நாளில் என்றால் அது உங்களுக்கு வந்து சேருமா?

கிள்ளானில் மேரு சாலையில் உங்கள் வீட்டு வாசலில் வாழை இலைக் கட்டு வந்து இறங்கியிருந்தது. உங்கள் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். நோட்டு, ரசம், ரேடியோ எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிழையெண்டு ஆர் கண்டுபிடிச்சது?"

"அவர்தாம்மா முதல்ல கேட்டாரு. நான் சோதனை போட்டுப் பாத்தேன். தப்புன்னு வந்துச்சு."

"அது தப்பெண்டு சொன்ன பிறகு நீ ஒளிக்கேல்லை." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "என்ர பிள்ளை உனக்குச் சரியாத்தான் படிப்பிச்சிருக்கிறாள். நாளைக்குச் செய்வம். சனிக்கிழமை வாற சனம் வந்து சாப்பிட்டுப் போகட்டும்."

உங்கள் மாமா போனில் சத்தம் போட்டது எனக்கும் கேட்டது. கம்ப்யூட்டரைத் தூக்கி ஆற்றில் போடச் சொன்னார். ஆனாலும் அரைநாள் லீவு போட்டு வேலைச் சட்டையோடு வந்து சேர்ந்தார். வெள்ளிக்கிழமை நாங்கள் ஆறு பேர்தான். வாழைக்காய்ப் பொரியல் நான் செய்தேன், உங்களுக்குப் பிடித்த மாதிரி மிளகு தூக்கலாக. பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு உங்கள் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைக் காட்டினேன்.

அந்தக் கைக்கடிகாரம் இப்போது என்னைத் தூங்கவிடவில்லை. தினமும் காலைச் செய்தியில் மணி சொல்லும்போது அதைத் திருத்திவைப்பேன். ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாளும் திருத்தவில்லை. பதினைந்து நிமிடம் பிந்தியிருந்தால் அஷ்டமிதானே? போன ஞாயிறு அதைச் சரியாக வைத்துவிட்டு மூன்று நாள் தொடாமல் விட்டேன். ஒரு நிமிடம் பிந்தியது. ஒரு நிமிடம்தான். ஆனால் போன வருஷமும் அப்படித்தான் ஓடியதா? அதை எந்தச் சோதனையில் எழுதுவது? நீங்கள் இருந்தால் கேட்டிருப்பேன்.

ஒரு செய்தி. கோயில் பெண்கள் நான்கு பேர் செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்கு வருகிறார்கள், ‘பேசிக்’ என்கிற கணினி மொழி படிக்க. சொல்லித் தர எனக்கு என்ன தெரியும் என்றேன், கேட்கவில்லை. ஒற்றை இரட்டையில் ஆரம்பிக்கப்போகிறேன். நாலுக்கு என்ன, ஏழுக்கு என்ன, சைபருக்கு என்ன.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் டீச்சர். விடையை முதலில் எழுத வைப்பேன். ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும், அது எங்கிருந்து வந்தது, எந்த வருஷத்தது என்றும் எழுத வைப்பேன். அடுத்த ஆண்டு சப்தமிக்கும் ரேடியோவைத் திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் உங்கள் அம்மாவுக்குப் போன் செய்வேன். சந்தேகமே இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து,
மூன்றாவது கணினி முன்னால் உட்கார்ந்த உங்கள் அக்கா,
கமலம்