லென்ஸ் பெட்டியில் வைத்த ஸ்வெட்டர்

கீலுங்,
மே 20

அன்பு மகள் யூ-ஷானுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அவ்வளவுதான். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகமாக இருந்தால் எனக்குப் போதும். அம்மாவின் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு நேற்றோடு முடிந்தது. பிள்ளைத்தாய்ச்சி சாவு வீட்டுக்கு வரக் கூடாது என்று உன்னைத் தடுத்தது தான்தானே என்று பெரியத்தை அழுதுகொண்டே இருந்தாள், அவள்மேல் கோபம் வைக்காதே. பதினேழு நாளாக மழை விடவில்லை, ரிப்பேருக்கு வரும் கேமராவெல்லாம் பூஞ்சை பிடித்ததுதான்.

ஒன்று சொல்ல வேண்டும், போனில் சொல்ல வாய் வரவில்லை. அம்மா போன அன்று நீ, "அந்தப் பழுப்பு ஸ்வெட்டரைத் துவைச்சிடாதீங்கப்பா, பிள்ளை பொறந்ததும் வந்து ஒரு தடவை மோந்து பாக்கணும்" என்று கேட்டாயே, நான் துவைக்கவில்லை கண்ணு. ஆனால் இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடுமே என்று பயந்து, லென்ஸ்களை வெளியே எடுத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் பெட்டிக்குள் மடித்து வைத்தேன். முப்பது வருடமாக அதற்குள் உன் அம்மாவின் கைக்குட்டையைக்கூட நான் விட்டதில்லை. "நான் செத்தாத்தான் அதுக்குள்ள எனக்கு எடம் குடுப்பீங்க" என்று கேலி செய்வாளே, அப்படியே ஆயிற்று. லென்ஸுக்குப் பெட்டியின் ஈரம் காட்டும் முள் நாற்பதில் நின்றால் போதும், அவளுக்காக இருபத்தைந்துக்கு இறக்கினேன். நேற்று திறந்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். இஞ்சி வாசனை இல்லை, நல்லெண்ணெய் இல்லை, கழுத்தில் தடவும் தைலம்கூட இல்லை, ஒன்றுமே இல்லை மகளே. ஈரத்தோடு அவள் வாசனையும் போய்விட்டது. வாழ்நாளெல்லாம் இதே தொழில் செய்தவனுக்கு இது தோன்றவில்லையே. நீ கேட்டது அந்த ஒன்றைத்தான், அதையும் காப்பாற்றத் தெரியாமல் போனேன், அப்பாவை மன்னித்துவிடு.

பிறகு பைத்தியக்காரன்போல் வீடு முழுக்கத் தேடினேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால் அவளுடைய ஏப்ரன் தொங்குகிறது. ஈரத்தோடு மாட்டாதே என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன், கடைசி நாளும் அப்படித்தான் மாட்டியிருக்கிறாள். ஓரமெல்லாம் கரும்புள்ளி விழுந்துவிட்டது, ஆனால் கழுத்துப் பட்டையில் இன்னும் அவள் இருக்கிறாள். நான் அதைத் தொடவில்லை, துடைக்கவில்லை, வீட்டில் ஈரம் எடுக்கும் மெஷினையும் நிறுத்திவிட்டேன்.

நிறைமாதத்தில் படி ஏறாதே, கால் வீங்கினால் உடனே டாக்டரிடம் போ. கடல்தாய் மாட்சு உன்னையும் குழந்தையையும் காக்கட்டும். பிள்ளை பிறந்து பயணம் போகலாம் என்று டாக்டர் சொன்னதும் தாமதிக்காமல் கிளம்பி வா. பட்டையின் பக்கமாகப் பூஞ்சை தினமும் கொஞ்சம் ஏறுகிறது, நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா