லுஹர் பாங்கு கேட்ட நேரம்

பேகம்பூர்,
திண்டுக்கல்.

அன்பு மகள் நுஸைபாவுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதம் கால்கரி வந்து உன் கையில் சேருகிற நேரம் உனக்கு உடம்பில் சுகமும் மனசில் நிம்மதியும் இருக்க வேண்டும் என்று துஆ செய்துகொண்டே எழுதுகிறேன். இங்கே நானும் இப்போது நலம். இப்போது என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பதறாதே, நின்று நிதானமாக முழுவதையும் படி, படித்து முடிக்காமல் போனை எடுக்காதே.

வெயில் இந்த வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது. குழாயில் தண்ணீர் பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை வருகிறது, ஒரு ஆளுக்கு அதுவே மிஞ்சிப்போகிறது. பக்கத்து வீட்டு அஜீஸுன்னிசா மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள், மாப்பிள்ளை நத்தத்தில் செருப்புக் கடை வைத்திருக்கிறாராம், உனக்கும் சொல்லச் சொன்னார்கள். போன மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை என் போனிலிருந்து உனக்கு விடியாத நேரத்தில் ஒரு அழைப்பு வந்து நீ எடுக்காமல் விட்டது ஞாபகம் இருக்கும். கை தவறிப் பட்டுவிட்டது என்று மறுநாள் செய்தி அனுப்பினேன். அது பொய், மகளே. அதற்குப் பிறகு நீ கூப்பிட்ட நாலு ஞாயிற்றுக்கிழமையும் பள்ளிவாசலில் வேலை, சிக்னல் இல்லை என்று எழுதி அனுப்பியதும் பொய்தான். என் பேச்சைக் கேட்டால் உனக்குத் தெரிந்துவிடும் என்றுதான் எடுக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்து எல்லாரும் போன பிறகு பள்ளியைப் பெருக்கிப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். காலையில் வைத்த ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுச் செத்த நேரம் படுத்தேன். எழுந்திருக்கும்போது உதட்டில் ஒரு மரப்பு, அவ்வளவுதான், வேறொன்றும் தெரியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நம் தெருமுனை ராமுத்தாய் கடைக்கு டீ குடிக்கப் போனேன். நீ இங்கே இருந்தபோது அந்தக் கடை இல்லை, அவர் சேவுகம்பட்டிப் பக்கத்துக்காரர், புருஷன் போன பிறகு இங்கே வந்து கடை போட்டிருக்கிறார். சீனி குறைவாக ஒரு டீ என்று நான் சொன்னது என் காதுக்குச் சரியாகத்தான் கேட்டது. அவர் டம்ளரை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். என்ன பாய், வாய் ஒரு பக்கமா இழுக்குது, சொல்றது ஒண்ணும் விளங்கல என்றார். நான் ஒரு மடக்குக் குடித்தேன், டீ இடது ஓரமாக வழிந்து சட்டையில் இறங்கியது. அவர் அடுப்பை அணைத்துவிட்டு ஆட்டோ நாசரைக் கூப்பிட்டு, என்னை உள்ளே உட்காரவைத்து, கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டுத் தானும் ஏறிக்கொண்டார். மூன்றரை மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டோம்.

அங்கே தமிழ்மதி என்று ஒரு டாக்டர், உன்னைவிட ரெண்டு மூன்று வயது கூட இருக்கும். கையைத் தூக்கச் சொன்னார், காலைத் தூக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், ஸ்கேனுக்கு அனுப்பினார். பக்கவாதம்தான், மூளைக்குப் போகிற சின்ன ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது என்றார். கட்டியைக் கரைக்க ஒரு ஊசி உண்டாம், ஆனால் ஆரம்பித்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் உண்டு, அதனால் இவர் கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்தது யார், எத்தனை மணிக்கு என்று கேட்டார். தூங்கி எழுந்த ஆளுக்கு எப்போது வந்தது என்று எப்படித் தெரியும். வீட்டில் யார் இருக்காங்க என்றார். யாரும் இல்லை என்று தலையை ஆட்டினேன். மத்தியானம் யாரிடமாவது பேசினீர்களா என்றார். யோசித்துப் பார்த்தேன் நுஸைபா, பள்ளியில் ரெண்டு பேர் சலாம் சொன்னார்கள், பதில் வாய்க்குள்ளேயே சொல்லியிருப்பேன், பேச்சு என்று அன்றைக்கு யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை. டாக்டர் பேனாவைப் பிடித்தபடி நிற்கிறார், எத்தனை மணி என்று எழுதிக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை. அப்போது வாசலில் நின்ற ராமுத்தாய்தான் சொன்னார், பன்னெண்டே முக்காலுக்கு இவுகதான் மைக்குல தொழுகைக்குப் பாங்கு சொன்னாகம்மா, நான் வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக்கிட்டு இருந்தேன், தெருவே கேட்டுச்சு, ஒரு எழுத்து பிசகல. டாக்டர் அந்த நேரத்தையே எழுதிக்கொண்டார். அதன்படி ஐந்தேகால் வரைக்கும் நேரம் இருந்தது.

அதற்கப்புறம்தான் கஷ்டமே. டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். பெரிசா வந்திருந்தா யோசிக்காம ஊசி போட்டிருப்பேன் ஐயா, உங்களுக்கு வந்தது லேசானது, கை கால் பலமா இருக்கு, நாங்க சொல்றது உங்களுக்குப் புரியுது, பாதிச்சது பேச்சும் முகமும்தான். இந்த மாதிரி லேசா வந்தவங்களுக்கு ஊசி போட்டும் பார்த்திருக்காங்க, மாத்திரை மட்டும் கொடுத்தும் பார்த்திருக்காங்க, மூணு மாசம் கழிச்சு ரெண்டு பேரும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் இருந்தாங்க. ஊசி போட்டதுல நூறுக்கு ஒருத்தர் ரெண்டு பேருக்கு, சில சமயம் மூணு பேருக்கு, மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. அதனால பொதுவா மாத்திரைதான் கொடுப்போம் என்றவர், எழுதப் போகும்போது என்ன வேலை பாக்குறீங்க என்று கேட்டார். நாசர்தான் சொன்னான், மோதினார் மேடம், பள்ளியில பாங்கு சொல்றவுக என்று. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அப்ப இது உங்களுக்கு லேசு இல்லையே என்றார். பேச்சுப் போனால் பிழைப்பே போகிற ஆளுக்கு ஊசியைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும், பலன் உண்டு என்று உறுதி சொல்ல முடியாது, இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது, உங்கள் மனசில் உள்ளதையும் தெரிந்துகொண்டு முடிவெடுக்கலாம், வீட்டில் கேட்க வேண்டியவர்கள் இருந்தால் கேளுங்கள் என்றார். அப்போது போட்டதுதான் உனக்கு வந்த அந்த அழைப்பு. நீ எடுக்காதது நல்லதுதான், தூக்கத்தில் எழுப்பி என்னவென்று கேட்டிருப்பேன், என்ன சொல்லியிருப்பாய் நீ.

ஒரு தாள் வாங்கி, மாத்திரையே போதும், ஊசி பயமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். அவர் திரும்ப ஒரு முறை கேட்டுவிட்டுச் சரி என்றார், அவருக்கும் மாத்திரைப் பக்கம்தான் மனசு சாய்ந்திருந்ததாகப் பிறகு சொன்னார். ஆனால் உன்னிடம் உண்மையை எழுதுகிறேன். எனக்குச் சாவு பயம் இல்லை. அந்த நூறில் ஒருவராக நான் ஆகி, ரத்தம் கசிந்து படுக்கையில் விழுந்தால் என்னைப் புரட்டிப்போட ஆள் இல்லை என்பதுதான் பயம். உன் அம்மா மவுத்தாகி நாலு வருஷத்தில் இதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை, அன்றைக்கு அந்தக் கட்டிலில் நினைத்தேன். என் குரலா என் உடம்பா என்று என்னையே கேட்டபோது, ஆள் இல்லாத வீட்டுக்கு உடம்புதான் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மூன்று நாள் வார்டில் இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் கொசவபட்டிக்காரர் ஒருவர், அவருக்கு வந்தது பெரியது, வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. ஆனால் பார்வை நேரம் வந்தால் எட்டுப் பேர் வந்து கட்டிலைச் சுற்றி நிற்பார்கள், ஒருத்தி கால் பிடிப்பாள், ஒருத்தி கஞ்சி ஊட்டுவாள். எனக்கு நடக்க முடிகிறது, அவருக்கு முடியவில்லை, அப்படியிருந்தும் அந்த ஒரு மணி நேரம் நான் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறவன் மாதிரிப் படுத்திருந்தேன். ராமுத்தாய் ஒரு நாள் இட்லி கொண்டுவந்தார். நாசர் வந்து வீட்டுக்குக் கூட்டிப்போனான்.

ரெண்டு மாத்திரை இருபத்தோரு நாள், இப்போது ஒரு மாத்திரை, அது ஆயுசுக்கும். பிரஷர் மாத்திரை தனி, அதை இடையில் நானே நிறுத்தியிருந்தேன், அதற்கு டாக்டரிடம் நல்ல ஏச்சு வாங்கினேன். தினமும் பேப்பரைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள், படித்தேன், ழகரமும் றகரமும் வருகிற இடத்தில் நாக்கு வழுக்கும். வேறு ஒருவர் பாங்கு சொல்ல, நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். முப்பத்தோரு வருஷத்தில் மற்றவர் சொல்ல உட்கார்ந்து கேட்ட நாட்கள் அவைதான். தெருவில் யாரைக் கேட்டாலும் பேச்சு முன்னைப் போலவே இருக்கு பாய் என்பார்கள். இரக்கத்தில் சொல்கிறார்கள் என்று தெரியும். இன்றைக்கு லுஹருக்கு, தொழவைக்கிற ஹஜ்ரத் என் கையைப் பிடித்து மைக் முன்னால் நிறுத்தினார். சொன்னேன், மகளே. சொல்லி முடித்தேன். தொழுகை விட்டு வரும்போது ராமுத்தாய் கடையிலிருந்தபடியே, இன்னைக்கு நீங்கதானே பாய், ஒரு இடத்துல தடுக்குச்சு என்றார். இத்தனை நாளில் எனக்கு ஒருவர் உண்மை சொன்னது அதுதான். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

உனக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். என் ரத்தம்தான் உனக்கும், வயது குறைவு என்று இருக்காதே, பிரஷர் பார்த்துக்கொள். நீயும் அங்கே தனி அறையில் இருக்கிறாய், லேபுக்குப் போகிறாய் வருகிறாய், வாரம் ஒரு தடவை என்னோடு பேசுகிறாய், அது போதாது. என்னிடம் சொல்ல வேண்டியதில்லை, அங்கேயே ஒருவரைப் பார்த்துக்கொள், கீழ் வீட்டுக்காரரோ கூட வேலை பார்க்கிறவரோ யாராவது, தினமும் அவரிடம் வாய் திறந்து நாலு வார்த்தை பேசு, ஒரு நாள் நீ பேசாவிட்டால் ஏன் என்று வந்து கதவைத் தட்டுகிற ஆளாக அவர் இருக்கட்டும். உன் அம்மா இருந்தால் இதையே கல்யாணப் பேச்சாகச் சொல்லியிருப்பாள், நான் அவ்வளவு தூரம் போகவில்லை. இதற்காக லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே, ரமலானுக்கு வந்தால் போதும். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. அல்லாஹ் உன்னை எல்லாத் தீங்கிலிருந்தும் காப்பானாக, உன் ஆயுசை நீட்டி உன் கையில் பரக்கத் தருவானாக. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, எடுப்பேன். நடுவில் விளங்காவிட்டால் விளங்கியது போல் உம் கொட்டாதே, விளங்கல அத்தா என்று சொல், திரும்பச் சொல்கிறேன்.

துஆவுடன் உன் அத்தா,
மு. ரஹ்மத்துல்லா