மெதுவாக ஓடச் சொன்னாய்

ஜூன் 2

அன்புள்ள குட்டிக்கு,

நலம். நாம் இருவரும் ஓடப் போகிற அரை மராத்தானுக்கு நீ எழுதி அனுப்பிய பயிற்சி முறையைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாரத்தில் நாலு நாள் ஓடு, அதில் மூன்று நாள் மெதுவாக ஓடு, பக்கத்தில் வருகிறவளோடு மூச்சு வாங்காமல் கதை பேசுகிற வேகத்தில் ஓடு என்கிறாய். நான் என்ன கல்யாண வீட்டுக்கா போகிறேன்?

தினமும் பூங்காவைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் பறக்கிறேன். உன் அத்தான் பால்கனியில் நின்று நேரம் பார்க்கிறார். பஸ் டிப்போவில் டைம்கீப்பர் அல்லவா, ஒரு நொடி விடமாட்டார். நேற்றைவிடச் சீக்கிரம் வந்தால் மேலிருந்தே கைதட்டுகிறார். எதிர்வீட்டு டீச்சர், "இப்படி ஒரு வீட்டுக்காரர் யாருக்குக் கிடைப்பார்!" என்று பெருமூச்சு விடுகிறாள். நீ நர்ஸ் என்பதற்காக ஊருக்கெல்லாம் மருந்து எழுதாதே.

உன் அக்கா

ஜூன் 9

அக்காவுக்கு,

மருந்து எழுதுவது டாக்டர். நான் ஊசி போடுகிறவள், இதுவும் ஊசிதான்.

போன வருஷம் நானும் உன்னை மாதிரிதான் தலைதெறிக்க ஓடினேன். எங்கள் ஓட்டக் குழுவின் பயிற்சியாளர் கூப்பிட்டுத் திட்டினார். "தினமும் பரீட்சை எழுதினா எப்பம்மா படிப்பே?" என்றார். கால் மெதுவாக ஓடும்போதுதான் தேறுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டி, நிதானமாக நீண்ட ஓட்டம் ஓட வேண்டும். நீ இதுவரை ஐந்து கிலோமீட்டரைத் தாண்டியதில்லை. பந்தயம் இருபத்தொன்று. மீதியை யார் ஓடுவது, அத்தானா?

போனில் கேட்டால், "அவ சூப்பரா ஓடறா, நீ குழப்பாதே" என்று அவர்தான் பதில் சொல்கிறார். அதனால்தான் எழுதுகிறேன். கால் வலிக்கிறதா? மறைக்காதே.

குட்டி

ஜூன் 17

குட்டி,

அவரை எதற்கு இழுக்கிறாய்? எனக்கென்று இந்த உலகத்தில் கைதட்டுகிற ஒரே ஆள் அவர்தான். அது உனக்குப் பொறுக்கவில்லை.

ஆமாம், வலிக்கிறது. முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பில். தையல்கூடத்தில் நாள் முழுக்க நின்று துணி வெட்டுகிறவளுக்கு வலிக்காமல் என்ன செய்யும்? நீ தனியாள். ஞாயிறு முழுக்க ஓடிவிட்டு வந்து காலை நீட்டிப் படுக்கலாம், கேட்க ஆளில்லை. என் வீட்டில் அது நடக்குமா? இனி ஓட்டத்தைப் பற்றி எனக்கு எழுதாதே.

அக்கா

ஜூன் 21

அக்கா,

எழுதத்தான் செய்வேன். தனியாள் என்றால் வேலை வெட்டி இல்லாதவள் என்று அர்த்தமா? எலும்பு முறிவு வார்டில் இரவுப் பணி முடித்துவிட்டு, அந்தக் கண் எரிச்சலோடு ஓடுகிறேன். எனக்கும் சோறு தானாக வேகாது.

அந்த வலியோடு ஓடி, எலும்பில் கீறல் விழுந்து வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுவது என் வேலை. உன் காலுக்கும் போட வைக்காதே. வலி போகிறவரை ஓடாதே. அப்புறம் ஒரே ஒரு ஞாயிறு மெதுவாக ஓடிப் பார். மாட்டேன் என்றால் பந்தயத்தில் நான் மட்டும் ஓடிக்கொள்கிறேன். நீ நொண்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க என்னால் முடியாது.

குட்டி

ஜூலை 14

என் குட்டிக்கு,

முதலில் ஒன்று. உன்னைத் தனியாள் என்றது கோபத்தில் வந்த வார்த்தை. மனதில் வைத்துக்கொள்ளாதே.

வலி போய்விட்டது. நேற்று மெதுவாக ஓடினேன். பூங்காவைத் தாண்டி, அச்சகத்தின் பின்புறமாக, ஏரிக்கரை வரைக்கும். ஒரு நாய்கூடக் கொஞ்ச தூரம் துரத்திப் பார்த்துவிட்டு, இவளைத் துரத்தி என்ன ஆகப் போகிறது என்று திரும்பிவிட்டது. எட்டு கிலோமீட்டர்! கால் வலிக்கவே இல்லை. குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

உன் அத்தான் வாசலில் நின்றார். "எங்க போன? மணி என்ன தெரியுமா?"

"எட்டு கிலோமீட்டர் ஓடிட்டேங்க!"

"எட்டு ஓடு, எண்பது ஓடு. காலைச் சாப்பாட்டுக்கு என்ன வழி?"

"அப்போ தினமும் மேல நின்னு நேரம் பார்த்தது இதுக்குத்தானா?" என்றேன்.

"பின்ன? நீ சீக்கிரம் வந்தா எல்லாருக்கும் நல்லதுதானே?" என்றார். ஒரு கள்ளமும் இல்லாமல் சொன்னார், குட்டி. கொஞ்சம் திருதிருவென்று விழித்திருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். இத்தனை நாள் அவர் கைதட்டியது என் காலுக்கு இல்லை, தன் வயிற்றுக்கு. அந்தக் கைதட்டலைக் கேட்கத்தான் நான் எலும்பு வலிக்க வலிக்க ஓடினேனா? தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். டீச்சர் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

அப்புறம் குளித்தேன். அறைக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்தேன். சமையலறையில் பாத்திரம் உருண்டது. "உப்பு எங்க இருக்கு?" என்று ஒரு குரல். பதில் வாய்வரை வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன். மறுபடி கேட்டார். அதற்குள் எனக்குக் கண் சொக்கிவிட்டது. பட்டப்பகலில் நான் தூங்கி எத்தனை வருஷம் ஆயிற்று!

அடுத்த ஞாயிறு ஒன்பது கிலோமீட்டர் ஓடப் போகிறேன். உப்பு கிடைத்ததா என்று நான் இன்னும் கேட்கவில்லை.

உன் அக்கா